பாறைக்கு வைத்த முட்டு

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் உட்கார்ந்தால், டிரைவர் தூங்குகிறாரா என்று அவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வருவேன். ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் பயம்தான் காரணம். போகிற வழியில் ஒரு கிணறு இருந்தது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதனால் இதைப் படிக்கிறவர்கள் பாதியைத் தள்ளிவிட்டுப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பாறையைப் பற்றி நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் வீடு மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்குன்றுக்குக் கீழே, கரட்டடியில் இருந்தது. பட்டா அங்கேதான் கொடுத்தார்கள். முன்பக்கம் ரோடு, ரோட்டைத் தாண்டினால் தக்காளித் தோட்டம், ஒன்றிரண்டு வீடு. பின்பக்கம் அடுப்படி. அடுப்படிச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிப் பாறை. இரண்டு லாரியை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைத்த உயரம். மேலே உருண்டை, கீழே ஒரு ஓரத்தில் குடைந்த மாதிரி உள்வாங்கியிருக்கும். ஆள் குனிந்து நுழையலாம். எங்கள் வீட்டைப் பார்த்த முகத்தில் மட்டும் ஒரு பலகை தனியாகத் தெரியும். பலகை என்றால் ஒன்றரை முழக் கனம், ஒரு வீட்டுச் சுவர் அகலம். அதற்கும் பாறைக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. அடியில் விரல் நுழையாது. தோள் உயரத்தில் உள்ளங்கை நுழையும். அதற்கு மேலே எவ்வளவு என்று ஏறிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் முதுகு வலிக்காரர்கள் சாய்ந்த பாறைக்கு அடியில் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து வைப்பார்கள். பாறையின் சுமையைக் குச்சி தாங்குகிற மாதிரி நம் முதுகையும் ஏதாவது தாங்கும் என்ற நம்பிக்கை. செவ்வாய்க்கிழமையானால் யாராவது ஒருவர் வருவார். மூட்டை தூக்குகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், பிள்ளை பெற்று இடுப்பு விட்டுப்போனவர்கள். எங்கள் பாறையின் குடைவில் நூறு குச்சிக்குக் குறையாமல் நிற்கும். சாயங்கால வெளிச்சத்தில் அவை குச்சிகளாகத் தெரியாது, மெல்லிய கால்களாகத் தெரியும். அத்தனை கால்களை ஊன்றிக்கொண்டு அது எழுந்திருக்கப் போகிறது என்று தோன்றும். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே பாத்திரம் கழுவப் பழகியிருந்தேன்.

வெயில் காலத்தில் பாறை பேசும். பகலெல்லாம் சும்மா இருக்கும். பொழுது சாய்ந்து காற்று கொஞ்சம் குளிர்ந்ததும் உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். நகம் கடிக்கிற மாதிரி சின்னச் சத்தம்தான். பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. நாம் மறந்துவிட்டு வெங்காயம் நறுக்கும்போது இன்னொன்று வரும், வேறு ஒரு மூலையிலிருந்து. காலையில் பாறையடியைக் கூட்டினால் ஒரு கைப்பிடி மணல் இருக்கும். காற்றே அடிக்காத நாளிலும் இருக்கும். விரலில் தேய்த்தால் காக்காப்பொன் மினுக்கும். அது களியிலும் விழும். பல்லில் நறநறவென்று படும்போதெல்லாம் நான் மென்று கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் பார்ப்பேன்.

பதினொன்றாவது படிக்கிற என் மகள் புத்தகத்தைக் காட்டிச் சொன்னாள்: "பகல்ல சூட்டுல விரியுது, சாயங்காலம் சுருங்குது. அப்பிடியே வெங்காயத் தோலு மாதிரி ஒவ்வொரு ஏடா உரியும்மா. பாறை உரிதல்னு பேரு."

"உரிஞ்சு எங்க போவும்?"

"கீழதான் வுழும்."

"எத்தன நாள்ல?"

"அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்கம்மா."

நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிளவுக்குள் ஒரு பொடிக்கல்லைப் போட்டால் உள்ளே தட்டித் தட்டி இறங்கி எங்கேயோ நிற்கும். காலையில் பல் விளக்கப் போகும்போது ஒரு கல் போடுவேன், தட்டை எண்ணுவேன். சித்திரையில் நாலு தட்டு. ஆடியில் ஆறு. பிளவு அகல அகலக் கல் இன்னும் ஆழத்துக்குப் போகிறது என்று எனக்கே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். புரட்டாசியில் ஒரு நாள் போட்ட கல்லுக்குச் சத்தமே வரவில்லை. காதை வைத்துக் கேட்டேன். பிளவுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று என் காதில் பட்டது. வெளியே நல்ல வெயில். உள்ளே போன கல் எதன்மேலும் படாமல் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது என்று நினைத்ததும் காதை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் கல் போடவில்லை.

அன்றைக்கே குடைவில் குனிந்து பார்த்தேன். குச்சிகள் வளைந்திருந்தன. முன்பு கால் பட்டால் விழுகிற குச்சி, இப்போது இழுத்தாலும் வரவில்லை. ஒன்று நடுவில் முறிந்து, முறிந்த துண்டுகள் விழுவதற்கும் இடமில்லாமல் நின்ற இடத்திலேயே மடங்கியிருந்தது.

என் வீட்டுக்காரர் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். விடிகாலையில் போனால் மத்தியானம் வந்து படுப்பார். வந்ததும் சொன்னேன்.

"ஏங்க, பாறை எறங்குதுங்க."

"எங்க எறங்குது? பஸ் ஸ்டாண்டுலயா?"

"வெளையாடாதீங்க. குச்சியெல்லாம் வளைஞ்சு கெடக்குது."

"பச்சக் குச்சிய வெச்சா காயறப்ப வளையத்தான் செய்யும். போன மாசம் கரண்டு கம்பி அறுந்து வூட்டு மேல வுழுதுன்ன. அதுக்கு முன்னால ஏரி ஒடையுதுன்ன. ஏரியில தண்ணியே இல்லடி."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஏரி உடைகிறது என்று நான் சொன்னது உண்மை. தண்ணீர் இல்லை என்பதும் உண்மை.

ஆனால் மழை வரப்போகிறதே, மழையில் மண் இளகி அந்தப் பலகை எங்கள் மேல் சாய்ந்தால்? யோசித்து யோசித்து எனக்கு ஒரு வழி தோன்றியது. ஊரே குச்சி முட்டுக் கொடுக்கிற பாறை. குச்சி போதவில்லை என்றால் கட்டையாக வைத்து இறுக்கிவிட்டால் ஆடாதல்லவா? அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு வருஷமாகப் புகையில் காய்ந்த கருவேலம் விறகு இருந்தது. ஈரக் கட்டை வலுவில்லாதது, சுருங்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, காய்ந்ததிலும் காய்ந்ததாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒரு முனையைக் கொடுவாளால் சீவினேன். அவர் மண்டிக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த நேரத்தில், ஏணி போட்டு ஏறி, பிளவின் இரண்டு ஓரத்திலும் கைக்கு எட்டினவரை பதினொரு கட்டைகளைக் கோடாலியின் பின்பக்கத்தால் அடித்து இறக்கினேன். ஒவ்வொரு அடிக்கும் பலகை பானை மாதிரி 'டொம்' என்றது. கல் அப்படிச் சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பதினொன்றாவதை அடித்து முடித்துக் கையை எடுத்த பிறகும் ஒரு 'டொம்' கேட்டது. அதை நான் அடிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. பாறையின் உச்சியிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிப் பிளவுக்குள் போனது, வெளியே வரவேயில்லை. அதுவரை சத்தத்துக்கு ஒரு நேரம் இருந்தது, சாயங்காலம். இப்போது பட்டப்பகலில், வெயிலே இல்லாத நாளில் சத்தம் வந்தது. 'டக்' இல்லை. துருப்பிடித்த தாழ்ப்பாளை யாரோ மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிற மாதிரி நீளமாக வந்தது. நான் அடுப்படியில் நின்றால் அது நிற்கும். முன்பக்கம் வந்தால் தொடங்கும்.

நாலாம் நாள் தூறலில் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து அக்கா வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வயசுக் காலமெல்லாம் குவாரியில் கல் உடைத்தே முதுகு வளைந்துபோனவர். மழை வந்தால் வலி தாங்காது என்று ஒரு குச்சியோடு வந்து குடைவுக்குப் போனவர், பாதியில் நின்றுவிட்டார். என் கட்டைகளையே பார்த்தார்.

"இத யாரு அடிச்சது?"

"நாந்தாங்க்கா. ஆடாம இருக்கட்டும்னு."

"ஏம்மா, ஒன் வூட்டுக்காரனோட சண்டையா?"

"இல்லீங்க்கா. எதுக்குக் கேக்கறீங்க?"

"வூட்ட இடிக்க ஏற்பாடு பண்ணியிருக்கிறியே, அதான் கேட்டேன்." சிரித்தார். கிட்டப் போய் ஒரு கட்டையைத் தொட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. "தேவுடா! எந்தக் கட்டம்மா இது?"

"நல்லா காஞ்ச கருவேலங்க்கா."

"காஞ்சதையா பொறுக்குன? எங்கப்பன் காலத்துல வெடி இல்லாம இப்பிடித்தான் கல்லு பொளப்பாங்க. வரிசையா குழி போட்டு, காஞ்ச கட்டைய எறக்கி, தண்ணிய ஊத்திட்டு வூட்டுக்குப் போயிருவாங்க. காலையில வந்தா கல்லு ரெண்டா கெடக்கும். ஊறுன கட்ட பெருக்கறத எந்தக் கல்லும் தாங்காது. நாலு நாளா வானமே தண்ணி ஊத்துது."

"புடுங்கிரட்டுமாக்கா?"

"தொடாத!" அவர் கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துப் பலகையை ஓரத்தில் தட்டினார். கிண்ணென்றது. நடுவில் தட்டினார். டொம் என்றது. அவர் தட்டுவதை நிறுத்தி, கல்லைச் சத்தம் வராமல் மண்ணில் வைத்தார். தூங்குகிற குழந்தை பக்கத்தில் ஒன்றை வைக்கிற மாதிரி வைத்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. "இப்ப அசைச்சா அப்பிடியே வந்துரும். வெயில் அடிக்கட்டும். கட்ட காஞ்சு தானா தளரும், அப்ப உருவிக்கலாம். அதுவரைக்கும் வூட்டுல ஒரு ஈ இருக்கக் கூடாது."

"அவர்கிட்ட சொல்லிரட்டுமா?"

"சொன்னா என்னா பண்ணுவான்?"

தெரியும். கோடாலியை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ப் பிடுங்குவார். அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. "அப்ப வேற ஏதாச்சும் சொல்லி இட்டுக்கிட்டு வா" என்றார்.

மகளையும் ஆடு இரண்டையும் துணிமணியையும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. எனக்குப் பயமாயிருக்கிறது என்றேன். "ஒனக்கு எப்பதான் இல்ல?" என்றார். காலைப் பிடித்தேன். "ஊரு பூரா சிரிக்க வெச்சிட்டியே, ஆட்டையுமா ஓட்டிக்கிட்டுப் போவ?" என்று கத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயந்து பயந்து, பயப்பட வேண்டிய நேரத்தில் என் பேச்சு செல்லாமல் போய்விட்டது.

மழை விட்டு இரண்டு நாள் அப்படியே போனது. அவர் வீட்டில், நாங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம். சோற்றைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு ஓடி வருவேன். உண்மையைச் சொன்னால் அவர் போய்க் கட்டையைப் பிடுங்கிச் சாவார், சொல்லாவிட்டால் தூக்கத்தில் சாவார். இப்படியும் அப்படியுமாக மனசு ஓடியது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நான் செய்தேன் என்று சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானம் அவர் வந்து படுத்த பிறகு, கட்டை தளர்ந்ததா என்று பார்க்கப் பின்பக்கமாகப் போனேன். ஒரு குருவிச் சத்தம் இல்லை. மேலே இருந்த கட்டை ஒன்று தானாகக் கழன்று தரையில் கிடந்தது. அக்கா சொன்ன மாதிரியே காய்ந்திருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அடுத்ததைப் பார்த்தேன். அது பிளவில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மறுபக்கம் இரண்டு விரல் இடைவெளி. நான் இறுக்கி அடித்த கட்டை, ஊறிக் காய்ந்து பழைய அளவுக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் எப்படி இரண்டு விரல் சுருங்கும்? சுருங்கவில்லை. பிளவு அகன்றிருந்தது. இத்தனை நாள் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்த கட்டைகள் இப்போது அதைத் தாங்குவதையும் விட்டுவிட்டன.

முன்வாசல் வழியாக உள்ளே ஓடினேன். அவர் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார்.

"நாந்தாங்க அடிச்சேன். பாறையில கட்ட அடிச்சேன். அது பொளந்துருச்சு. எழுந்திரிங்க."

"என்னாடி ஒளர்ற?"

"பதினோரு கட்ட. காஞ்ச கருவேலம். அது ஊறுனா கல்லு பொளக்குமாம். எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது."

எழுந்து உட்கார்ந்தார். நான் பயத்தில் பேசுவது எப்படி இருக்கும் என்று அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். இது அந்தப் பேச்சு இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்க அடிச்ச, காட்டு" என்றார். கை தானாகக் கோடாலியைத் தேடி எடுத்தது.

அடுப்படி வழியாகப் போகப் பார்த்தார். நான் குறுக்கே நின்றுகொண்டேன். "இந்த வழியா போவாதீங்க, என் மேல ஏறித்தான் போவணும்" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. என்னைத் திட்டிக்கொண்டே முன்வாசலில் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடி அவர் பனியனைப் பிடித்து இழுத்தேன். கிழிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, "டேய், போவாதடா! நில்றா!" என்று கத்தினார். பனியன் கிழிந்ததற்கு என்னை அடிக்கத்தான் அவர் திரும்பினார் என்று நினைக்கிறேன். திரும்பின அந்த நேரத்தில் அவர் தோளுக்கு மேலே நான் பார்த்தேன். பிளவுக்குள் வெளிச்சம் தெரிந்தது.

அத்தனை வருஷமும் இருட்டாக இருந்த இடத்தில் ஒரு கோடு வெளிச்சம், மேலிருந்து கீழ்வரை. பலகை வீட்டைப் பார்த்துத் தலை குனிந்த மாதிரி நின்றது. அவசரமே இல்லை அதற்கு. பிறகு சாய்ந்தது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்தது. அவர் என் பக்கம் பாய்ந்து என் காலை மிதித்தார். அந்த நகம் இன்னும் சரியாக வளரவில்லை. தூசு அடங்கியது. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாசனை. அடுப்படி இல்லை. முன்னறையின் பின்சுவர் இல்லை. அவர் தலை வைத்துப் படுத்திருந்த இடத்தில் பலகையின் ஒரு மூலை இறங்கியிருந்தது. ஃபேன் மட்டும் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது.

பாறையில் பலகை இருந்த இடம் வெளுப்பாக, ஈரமாக, லேசான சிவப்போடு இருந்தது. புண்ணில் கட்டு அவிழ்த்த தோல் மாதிரி. வெயிலோ ஒரு கண்ணோ அதுவரை அதன்மேல் பட்டதில்லை. அதைப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, ஏனென்று தெரியவில்லை. ஆனாலும் பார்த்தேன். ஓரத்தில், ஒரு சாண் உள்ளே தள்ளி, மயிர் கனத்துக்கு இன்னொரு கோடு ஏற்கெனவே இருந்தது.

ரோட்டில் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. அவர் கோடாலியை வைத்துவிட்டுக் குனிந்தார். விழுந்த பலகையின் ஓரத்தில் நசுங்கி ஒட்டியிருந்த கருவேலந் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி லுங்கி மடியில் போட்டார். தரையில் கிடந்ததையும் பொறுக்கினார். "எத்தன?" என்று கேட்டார். "பதினொண்ணுங்க" என்றேன். பத்துதான் கிடைத்தது. இன்னொன்று பலகைக்கு அடியில் இருக்கும்.

வந்தவர்களிடம் "மழைதாங்க" என்றார். கிராம நிர்வாக அலுவலர் வந்து எழுதிக்கொண்டபோதும் மழை என்றார். மண்டியில், டீக்கடையில், என் அண்ணன் போன் போட்டுக் கேட்டபோது எல்லாம் மழை. சொல்லிச் சொல்லி இப்போது அவரே நம்புகிறார். நாங்கள் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருக்கிறோம். அக்கா கட்டை என்கிறார். மகள் வெயில் என்கிறாள். ஊரில் சிலர், பாறை விழப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்ததாகச் சொல்லி, அவரவர் வீட்டுப் பின்னால் இருக்கும் கல்லைக் காட்டி "இது வருமாங்க?" என்று கேட்க வருகிறார்கள். நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

போன மாசம் அவர் நல்ல மனசோடு இருந்த நேரம் பார்த்து, மறுபடியும் அதை எடுத்தேன்.

"நான் அந்தக் கட்டைய அடிக்காம இருந்திருந்தா...?"

"நீ அடிச்ச வெறகுக்கு அம்மாம் பெரிய கல்லு வருமா? எப்பவோ வர வேண்டியது. வந்துருச்சு. வுடு."

"எப்பவோன்னா, நாம உள்ள தூங்கறப்பவா, வெளிய இருக்கறப்பவாங்க?"

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் போகாமல் ரோட்டைத் தாண்டி, பின்சுவர் போன எங்கள் வீட்டுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே, அவர் படுக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்கோடு பஸ் வந்து இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. அவர் திரும்பவில்லை. பஸ் போய்விட்டது.